பன்னிரண்டு தப்படி

செப்டம்பர் 3, செவ்வாய். சூரிச்.

இரத்த அழுத்தம் 142/86. மாத்திரை மூன்றும் போட்டாயிற்று. வந்து சேர்ந்து பதினாறு மணி நேரம் ஆகிறது.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒருவர் காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "அருமைநாயகம்! வீல்சேர் அருமைநாயகம்!" என்று கூப்பிட்டபடி வந்தார். இன்னொரு அருமைநாயகம் இருக்கக்கூடும் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். இல்லை. மகன் ரூபன் டிக்கெட் எடுக்கும்போதே எனக்குச் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இது எல்லோரும் செய்வதுதான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் பெற்றோருக்கு வீல்சேர் போட்டுவிடுவார்கள். வரிசையில் நிற்க வேண்டாம், வழி தேட வேண்டாம், அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டால் தள்ளுகிறவரே பதில் சொல்லிவிடுவார். காலில் ஒரு குறையும் இல்லாதவர்கள் சாய்ந்து உட்கார்ந்து போய், வெளியே வந்ததும் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் இயற்பியலை ஆங்கிலத்தில்தான் நடத்தினேன். "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர், "இரிக்கூ சாரே, சமயமாயி" என்று மலையாளத்தில் உட்காரச் சொல்லி அவசரப்படுத்தினார். உட்கார்ந்துவிட்டேன்.

விமானம் மாறிய இடத்தில் எங்களைச் சுவரோரமாக வரிசையாக நிறுத்தினார்கள். பதினோரு நாற்காலி. அதில் எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து கழிப்பறைக்கு நடந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது ஆள் நான்.

சூரிச்சில் ரூபன் வெளியே காத்திருந்தான். நாற்காலி கேட்டவன் அவன்தான். ஆனாலும் நான் அதில் உட்கார்ந்து வருவதைக் கண்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எழுந்திருக்கப் போனேன். "இரிங்கப்பா, இரிங்க" என்று தோளை அழுத்திவிட்டுக் கைப்பிடியை அவனே வாங்கிக்கொண்டான். கார் வரைக்கும் அவனே தள்ளினான்.

அப்போதாவது எழுந்து நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்தேன். ரூபன் ஓடி வந்து குவளையை வாங்கிக்கொண்டான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

138/84.

ரூபன் இன்று மடிக்கணினியைத் திருப்பி வைத்து ஒரு முதியோர் குடியிருப்பின் படங்களைக் காட்டினான். கோயம்புத்தூர்ப் பக்கம். தனித்தனி அறை, அறைக்குள் அழைப்பு மணி, இருபத்து நான்கு மணி நேரமும் நர்ஸ், குளியலறையில் சுவரோடு சுவராகக் கைப்பிடிக் கம்பி.

"பதினாறாம் தேதிக்குள்ள சொல்லணும்பா. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"பாளையங்கோட்டை வீடு?"

"பூட்டிப் போடுவோம். அங்கன தனியா இனி சரிப்படாது. மார்ச் மாசம் நடந்தது போதும்."

மார்ச் மாதம் குளியலறையில் லேசாக வழுக்கியது. அதை எதிர்வீட்டு சாந்தகுமாரி டீச்சர் இவனிடம் பெரிதாகச் சொல்லியிருக்க வேண்டும். எலும்பு ஒன்றும் முறியவில்லை. டீச்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் எடுத்த எக்ஸ்ரே என்னிடம் இருக்கிறது.

"உன் இஷ்டம்" என்றேன். என் மனைவி ரத்னபாய் ஜனவரியில் இறந்துபோனதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் என் வாயிலிருந்து இதுதான் வருகிறது. சொன்ன பிறகு அறைக்குப் போய், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு வரி வந்தது. நான்காவது வரி கொஞ்சம் கடுமையாக இருந்ததால் அடித்தேன். பிறகு மற்ற மூன்றும் அவசியமில்லை என்று பட்டது.

செப்டம்பர் 8, ஞாயிறு

ரூபன் வாடகைக்கு மடக்குச் சக்கர நாற்காலி ஒன்று கொண்டுவந்திருக்கிறான். நாளை மறுநாள் இன்டர்லாக்கன் என்ற ஊருக்குப் போகிறோம். இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் மலையூர். வியாழக்கிழமை எனக்கு எழுபது முடிகிறது. அதைக் கொண்டாடத்தான் இந்தப் பயணம்.

மருமகள் சுகிர்தா இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நாகர்கோவில் பெண். நாற்காலியைப் பார்த்துவிட்டு, "இது ஆருக்கு?" என்றாள்.

"அப்பாவுக்கு. எதுக்கும் இருக்கட்டும்."

"மாமா நேத்து மூணு மாடி ஏறி வந்தாவ. லிஃப்ட் வேல செய்யல்ல."

"ஏறினது தப்பு" என்றான் ரூபன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலும். நான் நாற்காலியின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய். இன்டர்லாக்கன்.

136/84. வெயில். குளிர் இருந்தாலும் காற்று குறைவு.

ஊருக்கு நடுவில் பெரிய புல்வெளி. ஒரு கட்டடம்கூட இல்லை. அதன் ஓரத்தில் என்னை நிறுத்திப் பிரேக் போட்டு, மடியில் கம்பளி போர்த்திவிட்டு இருவரும் காபி வாங்கப் போனார்கள். எதிரே பனி மலை. படத்தில் பார்த்தது போலவே இருந்தது. அதனாலோ என்னவோ அதிகம் ஆச்சரியப்படவில்லை.

பிறகு மேலே பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, ஊதா என்று பத்துப் பன்னிரண்டு துணி இறக்கைகள் மலையிலிருந்து மிதந்து வந்தன. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பேர். முன்னால் பயணி, பின்னால் ஓட்டுபவர். வட்டம் போட்டு இறங்கி என் நாற்காலிக்கு முப்பது மீட்டர் தூரத்தில் புல்லில் கால் வைத்தார்கள். ஒரு சீன அம்மாள் இறங்கியதும் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தார். என் வயது இருக்கும். கூடவும் இருக்கலாம்.

எத்தனை விசை எந்தத் திசையில் என்று மனதுக்குள் படம் போட்டேன். எடை கீழே, தூக்கு விசை மேலே, இழுவை பின்னால். கரும்பலகையில் இதை நூறு முறையாவது வரைந்திருப்பேன். அம்புக்குறிகள் சந்திக்கும் இடத்தில் எப்போதும் ஒரு புள்ளிதான் வைப்பேன். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததில்லை.

ரூபன் காபியுடன் வந்தான். "பிறந்தநாளுக்கு என்னப்பா வேணும்? கோட்டு வாங்குவோமா?"

"அது" என்று மேலே கை காட்டினேன்.

அவன் மேலே பார்த்துவிட்டுச் சிரித்தான். நல்ல மனம் விட்ட சிரிப்பு. "அப்பாவுக்கு இந்த ஊரு வந்ததும் தமாஷெல்லாம் வருது" என்று சுகிர்தாவிடம் சொன்னான். வியாழனன்று ஏரியில் படகுச் சவாரி பதிவு செய்திருக்கிறானாம். நாற்காலியை அப்படியே ஏற்றிவிடலாமாம்.

தமாஷுக்குச் சொல்லவில்லை என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 11, புதன்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

காலையில் அதே இடம், அதே கம்பளி. இருவரும் படகுச் சீட்டு வாங்கப் போயிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன். ஓட்டுநர் இறங்கினார். அறுபது வயதிருக்கும், நரைத்த மீசை. என் மடியில் கிடந்த தமிழ் மாத இதழைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

"ஐயா தமிழோ?"

"ஆமாம். திருநெல்வேலிப் பக்கம்."

"நான் சாவகச்சேரி. தவராசா. இஞ்சை வந்து முப்பத்தேழு வருசம். ஐயாவுக்குக் கால் ஏலாதோ?"

"கால் நல்லாத்தான் இருக்கு."

"பின்னை என்னத்துக்கு இதிலை இருக்கிறியள்?"

இந்தக் கேள்வியை ஒன்பது நாளில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. "மகன் போட்டது" என்றேன்.

"மகன் போட்டா? ஐயா, அது சட்டையோ, மகன் போட்டுவிட? எழும்புங்கோ பாப்பம்."

எழுந்தேன். கம்பளியை மடித்து இருக்கையில் வைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இந்த வயதில் பறக்கலாமா என்று கேட்டேன். போன மாதம் எண்பத்து நாலு வயதுக் கிழவி ஒருத்தியை ஏற்றிப் போனாராம். "இறங்கிவந்து என்னைத்தான் ஏசினவ, ஏன் இவ்வளவு கெதியா இறக்கினனீங்கள், இன்னும் கொஞ்சம் பறந்திருக்கலாமே எண்டு. வயது பிரச்சினை இல்லை ஐயா. ஒரேயொரு கேள்விதான் கேப்பினம். ஓட ஏலுமோ?"

"எவ்வளவு தூரம்?"

"மலைச் சரிவிலை ஒரு பன்னிரண்டு தப்படி. பிறகு உங்களுக்குக் காலே தேவையில்லை."

நாளைக் காலை பத்தரைக்கு வேன் கிளம்பும் என்று சொல்லி, தொலைபேசி எண்ணை என் இதழின் அட்டையில் எழுதினார். ரூபன் தூரத்தில் வருவது தெரிந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். தவராசா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வேனில் ஏறினார். அதுதான் வெட்கமாக இருந்தது.

மாலை ஐந்து மணி. ரூபன் குளித்துக்கொண்டிருந்தான். விடுதியின் தாழ்வாரத்தில் கம்பளம் விரித்திருக்கிறார்கள். நீளம் சுமார் இருபது மீட்டர். கடைசியாக எப்போது ஓடினேன் என்று யோசித்துப் பார்த்தேன். 1998, ஆசிரியர் விளையாட்டு விழா. எலுமிச்சம்பழமும் கரண்டியும். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

முதல் முறை ஐந்து தப்படி. இரண்டாம் முறை ஒன்பது. மூன்றாம் முறை பன்னிரண்டை எண்ணிப் பதின்மூன்றில் நின்றபோது ஒரு கதவு திறந்து சுகிர்தா நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, என்ன செய்யிதீய?"

"நடக்கேன்."

"இதுக்குப் பேரு நடையா?"

மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள். "நூத்திப் பதினாலு. இன்னும் ரெண்டு நிமிசத்துல எறங்கணும். எறங்கலன்னா நானே ரூபன்கிட்ட சொல்லுவேன்." அங்கேயே நின்றோம். இரண்டு நிமிடம் கழித்து எண்பத்தெட்டு. கையை விட்டாள்.

"செருப்போட ஓடாதீய. ஷூவப் போட்டு நாடாவ இறுக்கிக் கெட்டணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 12, வியாழன். எழுபது.

148/90. இதைப் பார்த்துத் தயங்கினேன். மறுபடி எடுத்தேன்: 140/86. இரண்டையும் எழுதுகிறேன்.

ரூபனிடம் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஒரு குறிப்பு எழுதி வைத்தால் போதும். மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் 'மன்னிக்கவும்' என்று ஆரம்பித்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டுக் காலை உணவு மேசைக்குப் போனேன். ஷூ போட்டிருந்தேன்.

வாழ்த்து, ஜெபம், சின்ன கேக் எல்லாம் முடிந்த பிறகு சொன்னேன். "நான் படகுக்கு வரல. பத்தரைக்கு வேன். பறக்கப் போறேன்."

ரூபன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான். "அப்பா, வெளையாடாதீங்க."

"வெளையாடல."

"கோட்டி புடிச்சிட்டா ஒங்களுக்கு? எழுபது வயசுல மலையில இருந்து குதிக்கப் போறீயளா?"

"குதிக்கல. ஓடணும். பன்னிரண்டு தப்படி."

"ஓடணுமா! அப்பா, மார்ச் மாசம் காலைல அஞ்சு மணிக்கு விழுந்து மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் ஈரத் தரையில கெடந்திருக்கீய. ஏழு மணி நேரம்! எனக்கு டீச்சரக்கா சொல்லித்தான் தெரியும். எந்திரிக்க முடியாம அங்கன கெடக்கும்போது நான் இங்க ஆபீஸ்ல உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்திருக்கேன். அந்த ஏழு மணி நேரமும் எனக்குத் தெரியாது. இப்ப ஓடப் போறீயளாம்!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுகிர்தா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். தடவ இடமில்லாமல் போன பிறகும் தடவினாள்.

அவன் சொன்ன நேரங்கள் சரி; அன்று டீச்சர் பக்கத்தில் இருக்க, டாக்டரிடம் நானே சொன்னவை. அந்த ஏழு மணி நேரத்தை விளக்குவதற்கு அது இடமில்லை.

"நான் வர மாட்டேன். எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான்.

"நீ போட வேண்டாம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

இது என் வாயிலிருந்துதான் வந்தது. எழுந்து வெளியே நடந்தேன். புல்வெளி வரை எழுநூற்று இருபது தப்படி. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் போக மாட்டேன் என்று தெரியும்.

படிவத்தில் ஒரு கேள்வி: 'நடக்க உதவி தேவையா?' இல்லை என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

வேனில் நான்கு பேர். தவராசா வளைவுகளில் ஏறிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேசினார். "மகன் வரேல்லையோ?"

"கோபம்."

"கோபிக்கட்டும். பிள்ளையள் கோபிச்சாத்தான் நாங்கள் உயிரோட இருக்கிறம் எண்டு அர்த்தம்."

மேலே ஒரு சரிந்த புல் மேடு. மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. என்னைக் கூட்டிப் போகிறவர் ரேகுலா என்ற பெண். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த முகம். இடுப்பிலும் தொடையிலும் வார்களை இறுக்கினார். முதுகுக்குப் பின்னால் இருக்கை தொங்கியது. எங்களுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத் துணி புல்லில் விரிந்து கிடந்தது.

"உங்களால் ஓட முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நேற்று தாழ்வாரத்தில் மூன்றாவது முயற்சியில் பதின்மூன்று தப்படி ஓடினேன். அது சமதளம்" என்றேன்.

அவர் இதுவரை இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை என்றார். நான் சொல்லும் வரை ஓடுங்கள், நான் சொல்லும் வரை உட்காராதீர்கள், இந்த இரண்டுதான் விதி என்றார்.

ஓடினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தலைக்கு மேல் துணி எழும்பி எங்களைப் பின்னால் இழுத்தது. நான்கு, ஐந்து. யாரோ தோளைப் பிடித்து அழுத்துவது போலவே இருந்தது. ஆறாவது தப்படியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

கால் இன்னும் தரையில் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். இருவரும் புல்லில் விழுந்து சறுக்கினோம். துணி பக்கவாட்டில் சரிந்து மூடியது. ஒரு மாடு எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது.

"அடி பட்டதா?" என்றார் ரேகுலா. இல்லை. முழங்கையில் புல் கறை, அவ்வளவுதான். "ஏன் உட்கார்ந்தீர்கள்?"

"பழக்கம்" என்றேன்.

அவர் கையை நீட்டினார். நான் அதைப் பிடிக்காமல் எழுந்தேன். மரியாதைக் குறைவாக இருந்திருக்கலாம். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் என்னால் எழ முடியும் என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அவருக்கு மட்டும் இல்லை. இனி முடியாது, கீழே வேனில் போகலாம் என்று சொல்லிவிட்டால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. தவராசாகூட, பரவாயில்லை ஐயா, ஏறுங்கோ என்றுதான் சொல்வார். கோயம்புத்தூர் அறையும் அந்தக் கம்பிகளும் நினைவுக்கு வந்தன. இங்கே வேனில் ஏறினால் அங்கே போய்த்தான் இறங்குவேன்.

"மறுபடியும்" என்றேன்.

துணியை விரிக்க ஏழு நிமிடம். காற்றுக்காக இன்னும் நான்கு நிமிடம்.

இந்த முறை நான் எண்ணவில்லை. வாயைத் திறந்துகொண்டு கையை வீசி, மாணவர்கள் பார்த்தால் ஒரு வருடம் சிரிக்கக்கூடிய விதத்தில் ஓடினேன். தோளை இழுத்தது, இழுக்கட்டும் என்று ஓடினேன். புல் முடிந்து சரிவு செங்குத்தாக இறங்குவது தெரிந்தது. அதைப் பார்த்த பிறகும் ஓடினேன். ஒரு தப்படி காற்றில் விழுந்தது. அடுத்ததும் காற்றில். தரையில்லாமலே நான் ஓடிக்கொண்டிருந்தேனாம். "இப்போது உட்காரலாம் ஐயா" என்று ரேகுலா மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

பதினெட்டு நிமிடம் பறந்தோம். பயமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஓர் ஏரி மயில்துத்தக் கரைசலின் நீலம், மற்றது இன்னும் பச்சை. இரண்டுக்கும் நடுவில் ஊர் ஒரு கைக்குட்டை அளவு. காதில் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. நடுவில் நான் ஏதோ கத்தினேனாம். அது ஒருவரின் பெயரா என்று ரேகுலா கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியும்.

இறங்கும்போது காலைத் தூக்கிக்கொண்டு இருக்கையோடு புல்லில் தேய்ந்து நின்றோம். வார்களைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது புல்வெளியின் மறுகோடியிலிருந்து ரூபன் ஓடி வந்தான். காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். சக்கரம் புல்லில் சிக்கிச் சிக்கி நின்றது. பின்னால் சுகிர்தா.

மூச்சு வாங்க வந்து நின்றவன் என் கையைத் தொட்டான், தோளைத் தொட்டான், முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. மேலே எந்தத் துணியில் நான் இருக்கிறேன் என்று தெரியாமல் எல்லாத் துணியையும் பார்த்துக்கொண்டு இருந்தானாம்.

"உக்காருங்கப்பா."

"நீ உக்காருடே. ஒனக்குத்தான் காலு நடுங்குது."

உண்மையாகவே நடுங்கியது. அவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். வேனிலிருந்து இறங்கி வந்த தவராசா எங்களைப் பார்த்தார்.

"இதிலை ஆர் நோயாளி எண்டு விளங்கேல்லையே" என்றார்.

சுகிர்தா சிரித்தாள். ரூபன் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

தொடை இரண்டும் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. ரூபன் பேசவில்லை. நாற்காலி காரின் பின்பெட்டியில் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு. சூரிச்.

இங்கே ஒரு தமிழ்ச் சபை முதல், மூன்றாம் ஞாயிறுகளில் கூடுகிறது. ஒரு பள்ளிக்கூட மண்டபம். நாற்பது குடும்பம், பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர்கள். பிரசங்கம் முடிந்ததும் போதகர், "இந்தக் கிழமை பிறந்தநாள் கண்டவை முன்னுக்கு வாங்கோ" என்றார். ரூபன் என் பெயரைக் கொடுத்திருக்கிறான்.

முன்னால் போய் நின்றால் ஜெபம் செய்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். போதகர் மைக்கை என் கையில் கொடுத்து, "எழுபது வயது. ஐயா ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுங்கோ" என்றார்.

நான் சாட்சி சொன்னதே இல்லை. ஊரில் பிறந்தநாள் வாரத்தில் கோயிலுக்குப் பிந்திப் போய்க் கடைசி வரிசையில் உட்காருகிற ஆள் நான். சாட்சி என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்: இந்த வருடம் முழுக்கக் காத்தார், நடத்தினார், ஸ்தோத்திரம். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். மூன்றாவது வரிசையில் ரூபன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பில் பேசுவது போலப் பேசினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"மார்ச் ஒன்பதாம் தேதி காலை ஐந்து மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அடி பெரிதாக இல்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்திருக்க முடியும் என்று தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. என் மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எழுந்து என்ன செய்ய என்று தோன்றியது. ஏழு மணி நேரம் அப்படியே படுத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மணி அடித்தார். எழுந்து போய்க் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டு வாங்கினேன். எழுந்திருக்க அரை நிமிடம்தான் ஆயிற்று. என் மகன் என் காலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருக்கிறான். என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். வியாழக்கிழமை ஒரு மலையிலிருந்து ஓடினேன். முதல் தடவை விழுந்தேன். உடனே எழுந்தேன். அவ்வளவுதான்."

ஆமென் சொல்லலாமா கூடாதா என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. போதகர் மைக்கை வாங்கிக்கொண்டார். பிறகு என் தலையில் கை வைத்தார். என்ன ஜெபம் செய்தார் என்று எனக்குக் கேட்கவில்லை.

ஆராதனைக்குப் பிறகு பின்னறையில் பிரியாணி. ரூபன் இரண்டு தட்டுடன் வந்து எதிரில் உட்கார்ந்தான். இரண்டையும் கீழே வைத்தான்.

"எந்திரிச்சிருக்கலாம்லாப்பா?"

"ஆமா."

"ஏழு மணி நேரம் கெடந்திருக்கீய. முடிஞ்சும்."

"ஆமா."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா. 'ரூபா, எனக்கு எந்திரிக்கத் தோணல'ன்னு ஒரு வார்த்தை. நான் வந்திருக்க மாட்டேனா? அம்மா எனக்கும் அம்மாதானப்பா."

அவன் அழுதான். இங்கே வந்த பிறகு, அவன் அம்மா போன பிறகும்கூட, அவன் அழுது நான் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு வந்த மூன்று நாளும் ஆட்களைக் கவனிப்பதும் பந்தலுக்குப் பணம் கொடுப்பதுமாகவே இருந்தான். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"இப்ப?" என்றான். "இப்ப என்ன தோணுது ஒங்களுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். சரியான பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"இப்ப பசிக்கி."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். நான் முட்டையை அவன் தட்டில் வைத்தேன். அவன் அதைத் திருப்பி என் தட்டில் வைத்தான்.

செப்டம்பர் 16, திங்கள்

132/82.

காலையில் ரூபன் போனை எடுத்துக்கொண்டு வந்தான். கோயம்புத்தூருக்குத் தானே பேசி வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னான். அவனுக்கு முழுச் சம்மதம் இல்லை, முகத்தில் தெரிந்தது. அதற்கு முன் ஒரு நிபந்தனை போட்டான். நான் ஊருக்குப் போன பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு அழைப்பானாம். எடுக்காவிட்டால் டீச்சரக்காவை அனுப்புவானாம்.

"ஏழு மணிக்குக் கூப்புடு" என்றேன். "ஆறு மணிக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேன்."

"எங்க போவீய?"

"இன்னும் முடிவு பண்ணல."

பிறகு போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். எண்ணை நானே அழுத்தினேன். எடுத்தது ஒரு பெண். பெயரைச் சொன்னதும் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அறை தயாராக இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். இல்லை என்றேன்.

"ஏனுங்க ஐயா, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? வர முடியாதுங்களா?"

ரூபன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடியும்மா. வர மாட்டேன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அப்போ பேரை அடிச்சரட்டுங்களா?"

"அடிச்சிருங்க" என்றேன்.